தாடை சரியில்லாத கரடி

ஒரு காட்டுல, பாக்ஸிங்குக்குன்னு தனிச் சங்கமே வச்சுக்கிற அளவுக்கு முன்னேறிப்போன காட்டுல, இருளப்பன்னு ஒரு கரடி இருந்துச்சு. என்னா கை! அது குத்த ஓங்குனாலே போதும், எதிராளியோட வீட்டுக்காரம்மா பத்து போட மஞ்சள் அரைக்க உக்காந்துரும்.

ஆனா பாருங்க, தாடை சரியில்ல. லேசா எது பட்டாலும் கண்ணு மேல சொருகி, காலு துணி மாதிரி தொவண்டு, பொத்துன்னு விழுந்துரும். ஒரு தடவை வண்ணத்துப்பூச்சி ஒண்ணு தெரியாத்தனமா தாடையில வந்து உக்காந்துருச்சு. இருளப்பன் கண்ணு முழிக்கிறப்ப மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க.

இந்த ரகசியம் தெரிஞ்சது கோச் உடும்பு மாஸ்டருக்கு மட்டும்தான். "தாடையத் தோளுக்குள்ள புதைச்சுக்கடா. சாமி கும்பிடுறப்பகூட தூக்கிராத"ன்னு சொல்லிச் சொல்லியே பைனல் வரைக்கும் கொண்டாந்துருச்சு.

பைனல்ல ஜெயிச்சா தேன் கிடங்குல காவல் வேலை. விளையாட்டுக் கோட்டா. பர்மனென்ட். தோத்தா அவ்வளவுதான், அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிரும். அப்புறம் காலம் பூரா கரையான் பொறுக்க வேண்டியதுதான்.

எதிர்ல நிக்கிறது கருமந்தி சடையன். குத்து ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா தாடை பாறாங்கல்லு. அதைக் குத்துனவன் கைக்குத்தான் மாவுக்கட்டு.

போட்டி காலையில ஆரம்பிக்க வேண்டியது. சிங்க ராஜா சீஃப் கெஸ்ட்டுங்கிறதால சாயங்காலத்துக்குத் தள்ளிப்போச்சு. அந்தக் காட்டுல ஒரு வழக்கம் உண்டு. கிரிக்கெட்ல முதல் பந்தைச் சீஃப் கெஸ்ட் அடிச்சுத் தொடங்கி வைப்பாருல்ல, அந்த மாதிரி பாக்ஸிங்ல கையுறை மாட்டிக்கிட்டு ஒரு வீரனைக் குத்துற மாதிரி போஸ் குடுக்கணும்.

மைனா மைக்கைப் புடிச்சுது. "நம்ம காட்டின் இடி, இருளப்பன் மேடைக்கு வரவும்!"

இருளப்பன் உடும்பு காதுகிட்டக் குனிஞ்சுது. "மாஸ்டர், வயித்துல குத்துற மாதிரி எடுக்கச் சொல்லுங்களேன்."

"சும்மாரு. வெறும் போஸ்தான். தொட மாட்டாரு."

சிங்கத்துக்கு வயசாச்சு. ரெண்டு பேரு கைத்தாங்கலா புடிச்சுத்தான் மேடையேத்துனாங்க. கையுறை கனத்துல கை கிடுகிடுன்னு ஆடுது. போட்டோ எடுக்கிறது கொக்கு. ஒத்தக் கால்ல ஸ்டாண்டு போட்ட மாதிரி நின்னுக்கிட்டு, "தலைவரே, இன்னும் கொஞ்சம் கிட்ட. இருளப்பா, மூஞ்சியத் தூக்குய்யா, தாடை தெரியல. ஆங், அப்படியே... சிரிங்க!"ன்னுச்சு.

கையுறை பட்டுச்சு. படலைன்னும் சொல்லலாம்.

பொத்து.

கூட்டத்துக்குக் கை தட்டுறதா, கண்ணைத் துடைக்கிறதான்னு தெரியல. மைனாதான் முதல்ல சுதாரிச்சுது. "ஒரே குத்து! தலைவரின் ஒரே குத்து!"

விசில் பறக்குது. சிங்கம் தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "நானாடா?"

இருளப்பன் கண்ணு முழிச்சப்ப உடும்பு பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்துச்சு.

"எத்தனாவது ரவுண்டு மாஸ்டர்?"

"ரவுண்டே ஆரம்பிக்கலடா. கோப்பையத் தூக்கிச் சடையனுக்குக் குடுத்துட்டாங்க."

வேலை போச்சு. இருளப்பன் வாயில மண்ணு ருசி, கண்ணுக்குள்ள கரையான் புத்து. அந்த நேரம் பாத்து சிங்கம் தள்ளாடி வந்து குனிஞ்சு கேட்டுச்சு. "ரொம்ப வலிச்சுதாப்பா?"

கரடிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. "அதெல்லாம் இல்லீங்கய்யா, என் தாடை பொறந்ததுலேர்ந்தே..."

உடும்பு கரடியோட காலை ஒரு மிதி மிதிச்சுது.

"...பொறந்ததுலேர்ந்தே இப்படி ஒரு குத்து வாங்குனதில்லீங்கய்யா!"

சிங்கத்துக்குப் பிடரி சிலிர்த்துருச்சு. "நல்ல பயடா. கிடங்கு வேலைய இவனுக்குப் போடுங்க."

சடையன் முன்னாடி வந்துச்சு. "ஐயா, கோப்பை என்கிட்டல்ல இருக்கு?"

"அப்படியா? வா, உன்கூடவும் ஒரு போட்டோ." இந்தத் தடவை கைத்தாங்கல் வேணாம்னு சிங்கமே ஓங்கிக் குத்துச்சு. சடையன் பல்லக் காட்டிக்கிட்டு அப்படியே நின்னுச்சு. சிங்கத்துக்கு மணிக்கட்டு சுளுக்கிருச்சு.

சடையனைச் சங்கத்துலேர்ந்து நீக்கிட்டாங்க. தலைவரைத் தாக்கினதா குற்றச்சாட்டு.

இருளப்பன் அதுக்கப்புறம் தேன் கிடங்குப் பக்கமே போனதில்ல. சம்பளத் தேன் வீட்டுக்கே வந்துரும். பாலம் திறப்பு, ரத்ததான முகாம், எங்க சிங்கம் போனாலும் இதுவும் போகும். அவரு தொடுவாரு, இது விழும். போகப் போக, கை வர்றதுக்கு முன்னாடியே விழுற அளவுக்குத் தேறிருச்சு. ஒரு பயிற்சி மையமும் தொறந்துருச்சு. காட்டு இளைஞர்கள் க்யூல நின்னாங்க.

ஒரு நாள் அந்தக் க்யூவுல சடையன். ஆளு வத்திப்போயிருந்துச்சு. "அண்ணே, எனக்கும் விழக் கத்துக்குடுங்கண்ணே. புள்ளகுட்டி இருக்கு."

இருளப்பனுக்கு நெஜமாவே பாவமா இருந்துச்சு. "நில்லு தம்பி"ன்னு தாடையில மெதுவா ஒரு தட்டு தட்டுச்சு. அசையல. பலமா ஒண்ணு விட்டுச்சு. ம்ஹூம். கட்டையால அடிச்சுப் பாத்துச்சு. கட்டை உடைஞ்சுது. சடையன் விழப் பாத்துச்சு, முழங்காலக்கூட மடக்கிப் பாத்துச்சு, வரவே இல்ல.

இருளப்பன் கையுறையக் கழட்டிட்டுச் சடையன் தோள்ல கை போட்டுச்சு.

"திறமைக்குக் குறையில்ல தம்பி. பெரிய ஆளா வந்திருப்ப. இப்படித் தாடை சரியில்லாமப் போச்சே."

நீதி: எந்த அடிக்கும் விழாதவன் வீரன். பெரியவர் கை படுறதுக்கு முன்னாடியே விழுறவன் பர்மனென்ட்.