நடைவீரருக்கு இருமல் வராது

நடக்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. நடக்கட்டும். கால் அவர்களுடையது, வீதி பிரதேச சபையினுடையது. நான் சொல்ல வந்தது நடப்பதைப் பற்றிக் கதைக்கிற இனத்தை. ஊருக்கு ஒருவராவது இந்த இனத்தில் இருப்பார். எங்கள் சுருவிலுக்குக் கடவுள் கொஞ்சம் தாராளமாக அளந்து தயாபரன் அண்ணையைத் தந்திருக்கிறார்.

அண்ணை ஓய்வுபெற்ற நில அளவையாளர். தீவுப்பகுதியில் அவர் அளக்காத வளவு இல்லை, தீர்க்காத எல்லைச் சண்டையும் இல்லை. இப்போது சுருவில் நடைச்சங்கத்தின் தலைவர். விடிய ஐந்தரைக்கு, ரொறன்ரோவிலிருந்து மகன் நிசாந்தன் அனுப்பிய வெள்ளைச் சப்பாத்தும், பக்கத்தில் கோடு போட்ட காற்சட்டையும், வியர்வை துடைக்கக் கழுத்தில் துவாயும், வியர்வை வராவிட்டால் முகத்தில் தெளித்துக்கொள்ள ஒரு போத்தல் தண்ணியுமாக வீட்டை விட்டு வெளிக்கிட்டு, படலையடியில் நின்று சூரியனை ஒருதரம் முறைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறுவார். ஓம், மோட்டார் சைக்கிளில். நடக்கிற இடம் கடற்கரை வீதி. அதுவரைக்கும் நடந்தால் மனிதன் களைத்துவிட மாட்டானா?

அங்கே கையை இரண்டு தரம் சுழற்றி, இடுப்பை ஒருதரம் முறித்து, பஸ்ரியாம்பிள்ளையின் தேத்தண்ணிக் கடைவரைக்கும் கம்பீரமாக நடப்பார். தூரம் ஆறு மின்கம்பம். பிறகு ஒரு மணித்தியாலம் சங்கக் கூட்டம். ஆளுக்கு இரண்டு உளுந்து வடை.

கூட்டத்தில் அண்ணை பிரசங்கிப்பார். "சளி தடிமன் ஆருக்கு வரும்? கதிரையில இருக்கிறவனுக்கு. நியூமோனியா ஆருக்கு வரும்? சாய்மனைக் கதிரையில இருக்கிறவனுக்கு. நடக்கிறவன்ர சுவாசப்பைக்குள்ள கிருமி கால் வைக்க ஏலாது!"

ஒருநாள் என் கெட்ட காலம், அந்தக் கடையில் இருமிவிட்டேன்.

"நீர் நடக்கிறேல்லை என்ன?" என்றார்.

"வேலணைக்கு வேலைக்குச் சைக்கிள்லதான் அண்ணை போய்வாறனான், ஒவ்வொரு நாளும்."

"சைக்கிள் கணக்கில்லை. அது இருந்துகொண்டு செய்யிற வேலை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இருமலே நின்றுவிட்டது. அதையும் தன் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

இந்த ஞானம் அவருக்கு எங்கே கிடைத்தது? போன வருஷம் கிளினிக்கில் தாதி தாரிகா சொன்னது இது: "ஒழுங்காய் உடம்பை அசைக்கிறவைக்கும் தடிமன் காய்ச்சல் வரும். ஆனால் வந்தாலும் அனேகமாய்க் கடுமை குறைவாய் இருக்கும்." முதல் வசனத்தைச் சொல்லும்போது அண்ணை வாசலில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டாவதில் பாதி விளங்கியது. மிச்சத்தை அவரே செய்துகொண்டார்.

இப்படிப்பட்டவரைச் சனசமூக நிலையம் சும்மா விடுமா? ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தி "நோயண்டா நடைவீரர்" என்று பட்டம் கொடுப்பதாகத் தீர்மானம். அண்ணை விழா நோட்டீசை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். மகன் வீடியோவில் தோன்றி அப்பாவின் சாதனையை வாசிப்பதாக ஏற்பாடு. மகன் அனுப்பிய கை மணிக்கூடு ஒன்று இருக்கிறது. கட்டியவர் எத்தனை அடி வைத்தார் என்று எண்ணி, ரொறன்ரோவுக்கு அறிவித்துவிடும். அண்ணை அந்த எண்ணிக்கையை ஒருநாளும் பார்த்ததில்லை. "அது எண்ணுதெல்லோ, பிறகு நான் ஏன் எண்ணவேணும்?" என்பார். தீவெல்லாம் அளந்த மனிதர்!

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அந்த வீட்டுக்குள் தடிமன் புகுந்தது. முதலில் சறோஜினிதேவி அக்காவுக்கு. அண்ணையின் மனைவி. இரண்டு நாள் தும்மினார், தும்மித் தும்மியே புட்டு அவித்தார், மூன்றாம் நாள் தனக்குத் தடிமன் வந்ததையே மறந்துபோனார். பிறகு அதே தடிமன் அண்ணையிடம் போனது. போன இடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. காய்ச்சல், குலைப்பன் நடுக்கம், நெஞ்சைப் பிளக்கிற இருமல். வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடித்து, போர்வைக்குள் கொதிதண்ணி ஆவியில் வேது பிடித்து, நோட்டீசை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

"இஞ்சேரும், ஊருக்குத் தெரியப்படாது. தெரிஞ்சால் என்ர பட்டம் போச்சு."

"இருமல் மதிலுக்கு அங்கால கேக்குது. நான் என்னெண்டப்பா மறைக்கிறது?"

"எங்கட ஆட்டுக்கு எண்டு சொல்லும்."

சொன்னார். மூன்று பேர் ஆட்டைச் சுகம் விசாரிக்க வந்தார்கள். ஒருவர் ஆடாதோடை இலையும் கொண்டுவந்தார்.

அடுத்த பயம் மணிக்கூடு. அது அசையாமல் கிடந்தால் மகனுக்குத் தெரிந்துவிடுமே! கழற்றி அக்காவின் கையில் கட்டினார்.

"குசினிக்குள்ள நிக்கிறவளுக்கு என்னத்துக்கு இது?"

"சும்மா கட்டும். நூறு இருநூறு அடி எண்டாலும் விழும்தானே."

விழா நாள் வந்தது. காய்ச்சல் விட்டிருந்தது, இருமல் விடவில்லை. அண்ணை வாய்க்குள் மூன்று இருமல் இனிப்பை அடக்கிக்கொண்டு மேடையில் இருந்தார். விளக்கேற்றி, வரவேற்புரை முடிய, பொன்னாடை தட்டத்தில் வந்தது. திரையில் நிசாந்தன் தோன்றினார்.

"எல்லாருக்கும் வணக்கம். அப்பாவின்ர ஒரு மாச நடையை வரைபடமாய்ப் போட்டிருக்கிறன். நானும் இப்பத்தான் வடிவாய்ப் பாக்கிறன்."

முதல் மூன்று கிழமையும் நிலத்தோடு நிலமாகப் புல் முளைத்தமாதிரிச் சின்னக் கோடுகள். ஒருநாள் ஆயிரத்து நானூறு, ஒருநாள் ஆயிரத்து முந்நூறு, ஞாயிற்றுக்கிழமை எழுநூறு. பிறகு கடைசிக் கிழமை. பதினாலாயிரம்! பதினையாயிரத்து இருநூறு!

"அப்பா, போன கிழமை பனைமரம் மாதிரி நிக்குது! என்ன செய்தனீங்கள்?"

சனம் கைதட்டியது. பஸ்ரியாம்பிள்ளை மட்டும் கைதட்டாமல் எழும்பினார். "தம்பி, ஒரு சந்தேகம். போன கிழமை தலைவர் கடைப்பக்கமே வரேல்லை. ஒவ்வொரு நாளும் ரெண்டு வடை மிஞ்சினது."

அண்ணை பதில் சொல்ல ஒலிவாங்கியைப் பிடித்தார். வாயைத் திறந்தார். இனிப்பு ஒன்று வெளியே விழ, அதற்குப் பின்னால் பத்து நாள் இருமலும் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுக்கப் போனது.

"அட," என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்தவர், "இது அந்த ஆடெல்லோ!"

திரையில் மகனின் முகம் மாறிவிட்டது. "அம்மா, மணிக்கூட்டை ஆர் கட்டினது?"

பின்பக்கத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற அக்கா தலையை நிமிர்த்தினார். "நான்தான் தம்பி கட்டினனான். வேண்டாம் எண்டுதான் சொன்னனான், கொப்பர் கேக்கேல்லை. நான் எங்க நடந்தனான்? கிணத்தடிக்கும் குசினிக்கும் ஆட்டுக்கொட்டிலுக்கும் போய்வந்ததுதான். இந்தத் தடிமனும் முதல் எனக்குத்தான் வந்தது, ரெண்டு நாளில போட்டுது, கொப்பருக்குத்தான் பத்து நாளாய் விடேல்லை."

சனத்துக்குள் இருந்த தாதி தாரிகா சிரிப்பை அடக்கிக்கொண்டு எழும்பினார். "ஒரு வீட்டை வைச்சுச் சட்டம் சொல்ல ஏலாது. ஆனால் ஒரே தடிமன், ஒரே வீடு. அக்காவுக்கு ரெண்டு நாள், அண்ணைக்குப் பத்து நாள். நான் சொன்னதை அண்டைக்கு முழுசாய்க் கேட்டிருக்கலாம்."

சனசமூக நிலையத் தலைவர் பொன்னாடையை விரித்த கையோடு ஆரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். "ஐயா, பட்டம் நடந்தவைக்கு எண்டால் நடந்தவ அந்தா நிக்கிறா" என்று பஸ்ரியாம்பிள்ளை சத்தம் போட, சனம் அக்காவை மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பொன்னாடையை வாங்கினார். ஒருதரம் தடவிப் பார்த்தார், நல்ல தடிப்பான துணி. அதை அப்படியே அண்ணையின் காதையும் கழுத்தையும் நெஞ்சையும் மூடி இறுக்கிச் சுற்றினார்.

"கடல்காத்துப் படப்போகுது. இன்னும் சளி கரையேல்லை."

இவ்வளவு பலமான கைதட்டலை எங்கள் நிலையம் கண்டதில்லை. அண்ணைக்குக் கண் கலங்கியதை நான் கண்டேன். தடிமனாலும் இருக்கலாம்.

திருந்தினாரா என்கிறீர்களா? திருந்தினார். இப்போது விடிய ஐந்தரைக்குக் கிணற்றடியில் வாளியோடு நிற்கிறாராம். ஆறுமணிக்கு மோட்டார் சைக்கிளில் கடைக்கு வந்து, "நடை கணக்கில்லை. தண்ணி அள்ளுறவன்ர சுவாசப்பைக்குள்ள கிருமி கால் வைக்க ஏலாது!" என்கிறார். எத்தனை வாளி என்று கேட்டேன். ஒன்றுதானாம். மிச்சம் அக்கா.

நீங்கள் ஏன் இந்தச் சிரிப்புச் சிரிக்கிறீர்கள்? உங்கள் தெருவில் இருக்கிற ஒருவர் ஞாபகம் வந்துவிட்டாரா? நல்லது. இதை வாசிக்க இருந்தபிறகு எத்தனை தரம் எழும்பினீர்கள்? பக்கத்தில் இருக்கிற தேத்தண்ணி தானாக நடந்து வந்ததா? அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து வைத்தவரின் கையில் உங்கள் மணிக்கூட்டை ஒரேயொரு நாள் கட்டிப் பாருங்கள். அதற்குமுன் ஒரு தடிப்பான பொன்னாடை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உங்களுக்குத்தான்.