கத்தரிக்காய் நிறத்தில் ஆறு பன்கள்

ஓவனைத் திறந்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு பன்களும் கத்தரிக்காய் நிறத்தில் உட்கார்ந்திருந்தன.

அவள் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கழற்றி மறுபடி மாட்டுகிற கை. அந்தக் கைதான், போன் வீடியோவில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே செய்து காட்டியதை கிராம் பிசகாமல் செய்திருந்தது: பாதாம் மாவு, முட்டை, மாவு பிடித்து நிற்க இசப்கோல் உமி. அந்தப் பெண்ணின் பன் பஞ்சாக உப்பியது. இவளுடையது மட்டும் அடிபட்ட முழங்கால் மாதிரி வீங்கிக் கன்றிப்போயிருந்தால் என்ன நியாயம்?

"இதையா என் தம்பிக்குக் கொடுக்கப் போறே?" என்றாள் நாத்தனார், எட்டிப் பார்த்துவிட்டு. "கடையில ஒரு பன் வாங்கித் தரக்கூடாதா?"

"கடை பன் தின்னுதானே அண்ணி இந்த நிலைமை. டாக்டர் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க."

மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் ஊசி என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் கணவர் டிக்கெட் கவுண்டரில் நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவர். ஊசியைக் கண்டால் நாற்காலியோடு சாய்கிறவர். மதியம் இரண்டு பன் இல்லாவிட்டால் உயிர் தரிக்காது என்பவரும் அவரேதான். பன்னும் உண்டு, ஊசியும் கிடையாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எல்லோர் முன்னாலும் அவள் வாயை விட்டிருந்தாள்.

நிறம் போகட்டும் என்று மறுநாள் எலுமிச்சை பிழிந்தாள். ஊதா போய்ச் சிமெண்ட் நிறம் வந்தது. கூடவே சிமெண்டின் குணமும் வந்தது. மிருதுவாகட்டும் என்று இரண்டு முட்டை கூட்டினாள். கீழே விழுந்த பன் துள்ளிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போனது. துள்ளல் அடங்க ஆளி விதை அரைத்துப் போட்டாள். அந்தப் பன்னை நாத்தனார் எடுத்துப்போய், காற்றில் அடித்துக்கொண்டிருந்த கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

மாவுக் கடைக்காரரிடம் போய் அரை மணி நேரம் சண்டை போட்டாள். வீடியோவுக்குக் கீழே ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதினாள். அந்தப் பெண் ஒரே ஒரு சிவப்பு இதயத்தைப் பதிலாக அனுப்பினாள்.

கணவர் மட்டும் தினமும் ஒரே பதில்தான் சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு." வழித்துத் துடைத்த மாதிரி மதியச் சாப்பாட்டு டப்பா காலியாகத் திரும்பியது.

ஒரு நாள் அவளே ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். பல்தான் வலித்தது. இதையா மனுஷன் முகம் சுளிக்காமல் தின்கிறார் என்று கண் கலங்கியது. நன்றாக இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார் என்று, அடுத்த நிமிஷமே அதற்கும் கோபம் வந்தது.

மூன்று மாதம் முடிந்தது. டாக்டர் பரிசோதனைத் தாளை இரண்டு தடவை படித்தார். சர்க்கரை இறங்கியிருந்தது, எடையும் நாலு கிலோ குறைந்திருந்தது. ஊசி வேண்டியதில்லை. என்னம்மா செய்தீர்கள் என்று கேட்டவர், பன் செய்முறையைத் தன் மற்ற நோயாளிகளுக்காக எழுதியும் வாங்கிக்கொண்டார். அந்தப் பரிசோதனைத் தாளைப் படம் எடுத்து, முதல் வேலையாக நாத்தனாருக்கு அனுப்பினாள்.

மாலையில், ஆபீஸில் கணவருக்குப் பக்கத்து டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவர் விசாரிக்க வந்தார். கணவர் குளித்துக்கொண்டிருந்தார்.

அவள் மனம் இளகியிருந்தது. பாவம், அவர் பட்டது போதும், நாளையிலிருந்து பன் கிடையாது, காய்கறியும் தயிருமாகக் கட்டிக் கொடுக்கப்போகிறேன் என்றாள்.

வந்தவர் முகம் மாறியது. குளியலறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பன்னை மட்டும் நிறுத்திடாதீங்க அக்கா."

"ஏன், உங்களுக்கும் பங்கு தராரா?"

"இல்லக்கா. ஆபீஸ் குப்பையில போட்டா யாராவது உங்ககிட்ட சொல்லி, உங்க மனசு நொந்துடுமேன்னு, அதை ஏரியில போட்டுட்டு வர்றதுக்குத்தான் அண்ணன் தினமும் மத்தியானம் நாலு கிலோமீட்டர் நடக்கறாரு."