சீட்டில் எட்டு, வெள்ளியில் மூன்று

"அண்ணே, நான் வித்தது பெட்டி. பெட்டியில எட்டாம் வருஷம்னு சீட்டு இருக்கு. பாத்துத்தானே வாங்குனீங்க?" என்றார் நாணய வியாபாரி பெங்.

லியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தைவானின் காவோசியுங் நகர நாணயச் சந்தையில் அன்று காலையிலேயே ஏசி படுத்துவிட்டது. மண்டபத்தில் எல்லாரும் விலைப்பட்டியலை வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். ஆனால் லியாவின் எரிச்சலுக்கும் ஏசிக்கும் சம்பந்தமில்லை.

லியாவ் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவர். நாணயம் சேர்க்க ஆரம்பித்து நாலு மாதம்தான் ஆகிறது. முந்தாநாள் இதே பெங்கிடம், பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து சீல் செய்த 'பெருந்தலை வெள்ளி' ஒன்றை, அதாவது ஜனாதிபதியின் தலை பொறித்த பழைய சீன வெள்ளிக்காசை, வாங்கினார். தரம் பார்த்துச் சொல்லும் கம்பெனி ஒன்று பெட்டியின் தலையில் சீட்டு ஒட்டியிருந்தது. சீனக் குடியரசின் எட்டாம் வருஷம், மதிப்பெண் அறுபத்திரண்டு. லியாவ் சீட்டைப் போனில் ஸ்கேன் செய்து பார்த்தார். கம்பெனியின் பக்கம் திறந்து, ஆமாம், எங்கள் சீட்டுதான் என்றது. மூன்றாம் வருஷ வெள்ளி தெருவுக்குத் தெரு கிடைக்கும், எட்டாம் வருஷம் அப்படிக் கிடைக்காது. மனைவி சியூ-லானின் ஸ்கூட்டரை விற்றுப் பணத்தைக் கட்டிவிட்டார்.

சியூ-லான் மீன் சந்தைக்குப் போய்வரும் ஸ்கூட்டர் அது. அவள் பெட்டியை ஒரே ஒரு தரம்தான் கையில் வாங்கிப் பார்த்தாள். சீட்டைப் படிக்கவில்லை, உள்ளே இருந்த காசைப் படித்தாள். வருஷம் பொறித்த இடத்தில் சீன எழுத்தில் மூன்று படுக்கைக் கோடுகள். எட்டு என்றால் இரண்டே சாய்கோடு. பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. காசில் இருந்தது மூன்றுதான்.

"என்கிட்ட மீன் வாங்குறவ கூட செவுளைத் தூக்கிப் பாத்துட்டுத்தான் வாங்குறா. நீ சீட்டைப் பாத்து வாங்கியிருக்கே" என்றாள்.

ஸ்கூட்டரை வாங்கிய கடைக்காரன் இன்று சாயங்காலம் வரை அதை வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். அது இல்லாமல் வீட்டுப்படி ஏற வேண்டாம் என்று சியூ-லானும் சொல்லியிருந்தாள்.

ஊரெல்லாம் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது லியாவுக்கு. மூன்றை எட்டு என்று அச்சடித்தவன் எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறான், அதை விற்றவன் பல்லைக் காட்டுகிறான், ஏமாந்தவன்தான் வேர்வையில் குளிக்க வேண்டும். இது என்ன நியாயம்?

பெங் கடைசியில் இறங்கிவந்தார். மண்டபத்தின் கோடியில் மதிப்பீட்டாளர் மேஜை இருக்கிறது, அவர் மூன்று என்று சொல்லட்டும், அந்த நிமிஷமே பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார்.

இனி ஜென்மத்துக்கும் எந்தச் சீட்டையும் நம்புவதில்லை என்று கறுவிக்கொண்டே லியாவ் அங்கே போனார்.

மேஜையில் ஒருவர் பூசணித் தேநீர் குடித்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் கனமான பை. கழுத்தில் அட்டை தொங்கியது: 'தலைமை மதிப்பீட்டாளர்'. லியாவ் அதை இரண்டு தரம் படித்தார். போன உயிர் திரும்பி வந்தது. எதிரில் உட்கார்ந்து பெங்கின் அநியாயத்தையும் கம்பெனியின் அலட்சியத்தையும் ஒன்றுவிடாமல் கொட்டினார்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "உள்ள இருக்கிறது ஒண்ணு, வெளியில எழுதியிருக்கிறது ஒண்ணு. அதானே?"

"அதேதான் ஐயா."

"தினம் இதைத்தான் பாக்குறேன். தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

பெட்டியைத் திறக்கவே கூடாது என்று லியாவ் எங்கேயோ படித்திருந்தார். ஆனால் சொல்வது யார்? தலைமை மதிப்பீட்டாளர். தயங்கித் தயங்கி நீட்டினார். அவர் இடுப்பிலிருந்து திருப்புளியை எடுத்து ஓரத்தில் ஒரு நெம்பு நெம்பினார். பெட்டி இரண்டாகப் பிளந்தது. "மூணுதான்" என்றார்.

லியாவ் வெற்றியோடு பெங்கிடம் ஓடினார். பெங் அந்த இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். பெட்டி முழுசாக இருந்தால் கம்பெனிக்கே திருப்பி அனுப்பி நஷ்டஈடு கேட்டிருக்கலாம், இப்போது இந்தக் காசு அந்தப் பெட்டியில்தான் இருந்தது என்று யார் நம்புவார்கள் என்றார்.

"உங்க தலைமை மதிப்பீட்டாளரேதான் தொறந்தாரு" என்றார் லியாவ்.

பெங் நம்பவில்லை. ஆனாலும் பாவம் என்று, வெறும் மூன்றாம் வருஷ வெள்ளியாக எடுத்துக்கொள்கிறேன், பாதி ஸ்கூட்டராவது தேறும் என்றார்.

பாதி ஸ்கூட்டரில் யார் மீன் சந்தைக்குப் போவது? லியாவ் கொதித்துப்போய் மறுபடி மேஜைக்கு வந்தார்.

அட்டைக்காரர் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டு அழுக்கை வச்சுக்கிட்டு முழுவெலை கேட்டா எவன் தருவான்? ஒரு கழுவு கழுவினா புதுசாயிடும்."

பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்துப் பீய்ச்சினார். துணியால் நாலு தேய் தேய்த்தார். நூறு வருஷமாகப் படிந்த கருமை போய்க் காசு புதுக் கரண்டி போல மின்னியது. கூலி கூட வாங்கவில்லை. லியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு தரம் குனிந்து கும்பிட்டார்.

இந்தத் தடவை பெங் எழுந்து நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தேச்ச காசை உருக்குறவன்தான் வாங்குவான், அண்ணே. இப்ப இதை வச்சு ஸ்கூட்டருக்குக் கண்ணாடிதான் மாட்டலாம்."

லியாவ் வெடித்தார். விற்பவன், தரம் போடுபவன், சோதிப்பவன் எல்லாரும் கூட்டுக் களவாணிகள் என்றார். சீட்டை நம்பியது தன் தப்பு, சரி. அதனால்தானே சீட்டை விட்டுவிட்டு ஆளை நம்பினேன், ஆளும் இப்படியா என்று கேட்டபோது பக்கத்துக் கடைக்காரர்கள் விசிறுவதை நிறுத்திவிட்டார்கள்.

பெங்குக்கும் ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருஷத்தில் எந்த மதிப்பீட்டாளரும் வெள்ளிக் காசைத் தேய்த்து அவர் பார்த்ததில்லை. "வாங்க, நேர்ல கேட்டுடலாம்" என்று லியாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

மேஜையில் ஆள் இல்லை. பக்கத்தில் ஓர் ஏணி நின்றது. அதன் உச்சியில் அட்டைக்காரரின் இடுப்பும் காலும் மட்டும் தெரிந்தன. தலை கூரைக்குள் இருந்தது. அதே நேரம் மேலிருந்து சில்லென்று காற்று இறங்கியது. மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

"யோவ் மதிப்பீட்டாளரே, கீழ எறங்கு" என்று லியாவ் ஏணியைப் பிடித்து உலுக்கினார்.

காலி டம்ளர் பொறுக்க வந்த தேநீர்க்காரம்மா பதறிப்போய்ச் சொன்னாள்: "ஏணியை ஆட்டாதீங்கண்ணே, அவரு ஏசி ரிப்பேருக்கு வந்தவரு. அட்டை இல்லாம உள்ள விடமாட்டேன்னாங்க, அதான் லீவுல போன மதிப்பீட்டாளர் அட்டையை நான் எடுத்து மாட்டிவிட்டேன்."