பதினொரு மணிக்குப் பயணிகளை எண்ணுகிறவர்

காவிரிப் பாசனத்தில் நெல், உளுந்து, வாழை தவிர அண்மைக்காலமாக நன்றாக விளைவது ஒன்று உண்டு: பசுமைப் போக்குவரத்து ஆலோசகர். மேட்டூரில் தண்ணீர் திறக்காவிட்டாலும் இவர் வந்துவிடுவார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் செம்புத் தண்ணீர் பாட்டில், நெஞ்சில் பூமியைப் பற்றிய கவலை. இவை மூன்றையும் ஏற்றிவந்த டீசல் கார், ஏ.சி. அணையாமல், புளியமரத்தடியில் உறுமிக்கொண்டே நிற்கும். எதற்கு என்கிறீர்களா? லேப்டாப் சூடாகிவிடுமாம்.

நம் மணிவண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். பூதலூருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் நடுவில் ஒரு கிராமம். அங்கே யார் எப்போது எதில் போகிறார்கள் என்று கணக்கெடுப்பது அவர் பொறுப்பு. தஞ்சாவூர் ஓட்டலில் பொங்கலும் வடையும் முடித்து, இரண்டாவது காப்பியை மறுக்க மனமில்லாமல் அதையும் குடித்து, பஸ் நிறுத்தத்தில் அவர் காரைவிட்டு இறங்கும்போது மணி பதினொன்று. நடவுக்குப் போகிறவர்கள், கல்லூரிக்குப் போகிறவர்கள், டவுனில் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஆறு மணி பஸ்ஸில் படிக்கட்டு வரை நெருக்கியடித்துப் போய் ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. நிறுத்தத்தில் நின்றது ஓர் ஆடு. ‘பயணிகள்: பூஜ்யம்’ என்று எழுதிக்கொண்டார். நேர்மையான மனிதர், ஆட்டைச் சேர்க்கவில்லை.

பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம். திரையில் நெதர்லாந்துப் பெண்மணி ஒருவர், கூடையில் பூவோடு, ஆற்றங்கரையில் சைக்கிள் மிதித்தார்.

“அந்தம்மா நாத்துக்கட்டு வச்சிக்கிட்டு மிதிப்பாங்களா சார்?” என்றார் விவசாயி அய்யாவு.

“நல்ல கருத்து. குறிச்சிக்கிறேன்.”

இந்த இனம் எதையும் மறுக்காது. குறித்துக்கொள்ளும்.

தஞ்சாவூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் செவ்வந்தி, அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“சார், ஆறு மணி வண்டிய எடுத்துடாதீங்க. ஏழரைக்குள்ள போய் நிக்கலைன்னா வேற ஆளப் பாத்துக்குவாங்க.”

“எடுக்கிறதா யாரும்மா சொன்னா? ஆளில்லாத பஸ் சும்மா புகை விடுது. அதைச் சீரமைக்கிறோம், அவ்வளவுதான்.”

“ஆளில்லையா? ஒரு நாளு ஆறு மணிக்கு வந்து ஏறிப் பாருங்க. ரெண்டு கால வைக்க எடம் கெடச்சா நீங்க சொல்றத ஒத்துக்கிறேன்.”

“ஆறு மணிக்கா?” மணிவண்ணனுக்கு அன்று ஏற்பட்ட ஒரே உண்மையான அதிர்ச்சி இதுதான். “ஓட்டல்ல அப்ப டிபனே போட மாட்டாங்கம்மா!”

அறிக்கை வந்தது. ஆறு மணி பஸ் சீரடைந்து ஒன்பதரை மணி பஸ் ஆயிற்று. இப்போது பெண்கள் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டியில், கம்பியைப் பிடித்து நின்றபடி போகிறார்கள். இருபது பேர் சேர்ந்தால்தான் அது கிளம்பும். செவ்வந்தி போய்ச் சேர எட்டேகால் ஆகிறது. மூன்று வீட்டில் ஒன்று போய்விட்டது. இன்னொன்றில் அம்மாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஒரு மாலை அந்த வண்டி திரும்பும்போது மணிவண்ணன் காரை நிறுத்தி ஆசையாகப் படம் எடுத்தார். ‘மக்கள் தாமே கண்டுபிடித்த பகிர்வுப் பயணம்’ என்ற தலைப்போடு அது பசுமைப் போக்குவரத்து மாநாட்டில் திரையில் காட்டப்பட்டது. பலத்த கைதட்டல்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டு வேலைக்கு எட்டு மணி தாண்டி வந்தவளிடம், “கொஞ்சம் சீக்கிரமா கெளம்பக் கூடாதா?” என்று நீங்கள் கேட்டதாகக் கேள்வி. எந்த பஸ்ஸில் வருகிறாள் என்று கேட்டீர்களா?

கேட்கவில்லை அல்லவா? அறிக்கை எழுதும் தகுதி உங்களுக்கும் வந்துவிட்டது.