தமிழில் நியூசிலாந்தை வைத்திருந்தவர்

ஆக்லாந்தில் தமிழர்களுக்கு வீடு உண்டு, கடை உண்டு, மார்ட்கேஜ் கழுத்துவரை உண்டு. ஆனால் ஒன்பது நாடுகளைச் சொந்தமாக வைத்திருந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரை நாங்கள் டாட்காம் அண்ணன் என்போம்.

யாழ்ப்பாணத்துக்காரர். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நாடுகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரிகளாகப் பதிவு செய்து வைப்பது அவருடைய பைத்தியம். நியூசிலாந்து, பிரேசில், பிரான்ஸ் என்று ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு டாட்காம். என்றைக்காவது பெரிய கம்பெனி ஒன்று தேடிவந்து வாங்குமாம்.

வீட்டுச் சுவரில் பெட்டி அட்டையைக் கிழித்து ஒட்டிய அட்டவணை இருந்தது. கீழ்நோக்கி நாடுகள், குறுக்கே மொழிகள். ஒவ்வொரு முகவரியும் என்ன விலை போகும் என்பதை டாலரில் எழுத மாட்டார். பிரேசிலின் ஆங்கிலப் பெயர் டாட்காமில் இருந்தால் "மாளிகை", டாட்நெட்டில் "மூண்டு அறை வீடு", ஜெர்மன் மொழியில் "நல்ல கார்". தமிழுக்கான கட்டம் மட்டும் காலி.

"டாட் இலங்கைன்னு தமிழிலேயே வால் இருக்கே அண்ணே, அதுல வாங்கலாமே?" என்று கேட்டேன்.

"வால் எங்கட வால்தான் தம்பி. ஆனா உலகம் டாட்காமிலயெல்லோ நிக்குது!"

விலை மதிப்பிடும் தளம் ஒன்றில் அவருடைய நியூசிலாந்தைப் போட்டுப் பார்த்தேன். பூஜ்ஜியம் என்றது.

"சைபரோ? நல்லது. இனி ஏறத்தானே வேணும்."

பாபகூராவில் ஒரு பிறந்தநாள் விருந்து. மைக்கைப் பிடித்து ஒருவர் செம்மொழியின் பெருமையை முக்கால் மணி நேரம் முழங்கினார். அவரே சாப்பாட்டு வரிசையில் அண்ணனைப் பார்த்து, "தமிழ்ல டைப் அடிச்சு எவன்யா வருவான்?" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது. அண்ணனின் மகளே, "நோபடி டைப்ஸ் தட், அப்பா" என்றாள். அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அந்த மைக்குக்காரரைக் குழம்பு அண்டாவில் தள்ளலாமா என்றிருந்தது. மேடையில் தமிழ் அமுதம், வரிசையில் அதுவே கேலி. ஊர் விட்டு ஊர் வந்தும் நம் ஆட்கள் மறக்காமல் கொண்டுவந்த சாமான் இது.

திரும்பும்போது காரில் அண்ணன் சொன்னார்: "காசு வராட்டிப் பறவாயில்லை தம்பி. ஒருக்கா, ஒரே ஒருக்கா, இதைப் பெறுமதியெண்டு வேற ஒருத்தன் நினைச்சாக் காணும்."

பிறகு காணி வழக்கு என்று யாழ்ப்பாணம் போனார். கார்டு விவரத்தை எந்தத் தளத்திலும் சேமிக்க மாட்டார், திருடிவிடுவார்களாம். அதனால் கெடு நெருங்கிய நியூசிலாந்துக்கு வருடப் பணம் கட்டிப் புதுப்பிக்கும் வேலையை என்னிடம் விட்டுப் போனார். ஐடியில் இருப்பவன் மறக்க மாட்டான் என்ற நம்பிக்கை. நான் மறந்தேன். கெடு முடிந்து, சலுகைக் காலமும் முடிந்து, பெயர் சந்தைக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பதறியடித்துப் போய்ப் பார்த்தால் அங்கேயே கிடக்கிறது. பதினொரு நாளாக யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். எட்டுக் கோடித் தமிழர்களில் ஒரு நாதியும் எடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்தது. என் கணக்கில் வாங்கிப் போட்டேன், அவர் வந்ததும் மாற்றிக் கொடுக்கலாம் என்று.

விமான நிலையத்தில், "மன்னிச்சிடுங்க அண்ணே, மறந்துட்டேன்" என்று ஆரம்பித்தேன். மீதியைச் சொல்வதற்குள் போனை எடுத்துத் தேடினார். பதிவாகியிருக்கிறது, உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது.

"ஆரோ எடுத்திட்டான்!" என்று கத்தினார். திட்டப்போகிறார் என்று நின்றேன். பெட்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். "பாத்துக்கொண்டே இருந்திருக்கிறான் தம்பி! எத்தினை நாளில எடுத்தவன்?"

"அன்னைக்கே அண்ணே. அந்த நிமிஷமே."

அடுத்த விருந்தில் அவர் இதை எல்லோரிடமும் சொன்னார். போன முறை சிரித்த வாய்கள் அன்றைக்குச் சாப்பிட மட்டும் திறந்தன.

அதே மாதம் அந்த முகவரியின் முகம் தெரியாத உரிமையாளருக்கு, அதாவது எனக்கு, பதிவு நிறுவனம் வழியாக அண்ணனின் மின்னஞ்சல் ஒன்று வந்தது. "ஐயா, நீங்கள் ஆரெண்டு தெரியாது. திருப்பித் தாங்கோ எண்டு கேக்கேல்லை. அருமை தெரிஞ்சுதான் எடுத்திருப்பியள். அவசரப்பட்டு மலிவாய் வித்துப்போடாதேங்கோ."

உயிர் உள்ளவரை விற்க மாட்டேன் ஐயா என்று பெயர் போடாமல் பதில் எழுதினேன். அவரிடம் நான் சொன்ன பொய்களில் இது சேராது.