குனிந்து எடுத்த குற்றம்

மேல்முறையீட்டுக் குழுவின் தலைவரும், அதற்கு முன்பே என் அக்கா புருஷனுமாகிய பெருமதிப்பிற்குரிய ஸ்பினியெக் அத்தான் அவர்களுக்கு, லுபோர் ஹனாக் பணிவோடு எழுதிக்கொள்வது.

நான் இங்கே சௌக்கியம். நீங்களும் யார்மிலா அக்காவும் ஒஸ்ட்ராவாவில் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். என் நெஞ்சுச் சளிக்குத் தேய்த்துக்கொள்ளச் சொல்லி அக்கா அனுப்பிய வாத்துக் கொழுப்பு வந்து சேர்ந்தது. அதை நெஞ்சில் வீணடிக்க மனம் வரவில்லை. ரொட்டியில் தடவி, உப்பும் வெங்காயமும் வைத்துத் தின்றுவிட்டேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

நிற்க. சனிக்கிழமை கல்குவாரியில் நடந்த கைத்துப்பாக்கிப் போட்டியில் என்னைத் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள் என்பதும், நான் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தேன் என்பதும், காரணங்களை எழுத்தில் தரும்படி நீங்கள் கேட்டதும் தாங்கள் அறிந்ததே. இந்தப் போட்டியை முழுசாக முடித்திருந்தால் மூத்தோர் அணியில் எனக்கு இடம் உறுதி. அணி கிரேக்கத்துக்குப் போகிறது. கடலைப் பார்த்துக்கொண்டே சுடலாமாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் கண்ட ஒரே கனவு அதுதான். நம்ம மொராவியாவில் திராட்சைத் தோட்டத்தைத் தவிர எதைப் பார்க்கிறோம், சொல்லுங்கள். ஆகவே அந்தத் தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

காலையிலிருந்தே அது ஒரு மாதிரியான நாள். குவாரி ஓரத்து லிண்டன் மரம் முழுக்கப் பூத்திருந்தது. அந்த வாசனையில் முயல் பிடிக்கும் நாய்கூடப் படுத்துத் தூங்கிவிடும். என் குழுவுக்கு நடுவராக வந்தது பொஹுமிலா மேடம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், தபால் நிலையத்தில் இருந்தவர், கணவர் காலமாகிவிட்டார், தாழ்ந்த குரலில் பேசுவார். நான் சுடும் கோட்டில் போய் நின்றேன். நடுவர் "தயாரா?" என்று கேட்டால் சும்மா நிற்க வேண்டும், பதில் சொல்லத் தேவையில்லை, இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் எனக்குப் பின்னால் கையெட்டும் தூரத்தில் நின்று "தயாரா?" என்றார். நான் என்ன நினைவில் இருந்தேனோ, "தயார்தாங்க. நீங்க சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சுடத் தொடங்குவதற்கான மணி ஒலித்தது. எதற்காக ஒலித்தது என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

அடுத்த சுற்றில் பலகைத் தடுப்புகளுக்கு நடுவே உள்ள சந்துக்குள் ஓடிச் சுட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு முயல் உள்ளே வந்துவிட்டது. "நிறுத்து" என்றார் மேடம். விதிப்படி அப்படியே சிலையாகிவிட்டேன், குழல் மண்மேட்டைப் பார்த்து, விரல் விசையை விட்டு வெளியே. அந்த முயலோ அவசரமே இல்லாமல் அட்டை இலக்குக்குக் கீழே உட்கார்ந்து புல் மேய்ந்தது. நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். தேனீ சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. மேகம் ஒன்று குவாரியின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குப் போனது. அப்போது அவர் என் காதோரம் மெதுவாகச் சொன்னார்: "ஹனாக் சார், உங்க விரல் ரொம்ப ஒழுங்கா இருக்கு." அத்தான், எனக்குக் கல்யாணம் ஆகியிருந்த காலத்தில்கூட யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. முயல் போகவே வேண்டாம் என்று இருந்தது. போய்விட்டது. துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுக்கச் சொல்லி, சுற்றை முதலிலிருந்து சுடச் சொன்னார். அதில் நன்றாகத்தான் சுட்டேன்.

பிறகு மதியச் சாப்பாட்டு நேரம். இங்கேதான் மேல்முறையீட்டுக் குழு கவனிக்க வேண்டும். மரத்தடியில் கசகசா வைத்த ரொட்டி ஒன்று என் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தேன். இடுப்பிலிருந்த துப்பாக்கி உறையின் பூட்டைப் போட மறந்திருக்கிறேன் போல, துப்பாக்கியும் புல்லில் விழுந்தது. காலித் துப்பாக்கிதான், சுடாத நேரத்தில் அதில் குண்டு இருக்கவே கூடாதே. இப்படி விழுந்தால் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் செய்யக் கூடாது. தொடாமல் நின்று நடுவரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து எடுத்து, சோதித்து, திருப்பித் தருவார். தண்டனை கிடையாது. கீழே விழுவது குற்றமில்லை, நாமே எடுப்பதுதான் குற்றம், உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விதியைப் பாடம் நடத்துவதே நான்தான். ஒத்மாரை உங்களுக்குத் தெரியும், என் குழுக்காரன், கசாப்புக் கடை வைத்திருக்கிறானே, அவன் இரண்டு கையையும் விரித்து யாரும் கிட்டே வராதபடி நின்றுகொண்டான். "டேய் லுபோர், குனிஞ்ச, தொலைஞ்ச. பேசாம வானத்தப் பாத்துட்டு நில்லு," என்றான்.

நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் மேடம் மேட்டிலிருந்து படி இறங்கி வந்துகொண்டிருந்தார். அவருக்கு இடது முட்டியில் வலி. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறுகாலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து, கொஞ்சம் நின்று, மறுபடியும் ஒரு படி. அவர் மேல் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு தூரம் வந்து, இந்த முட்டியோடு, என் துப்பாக்கிக்காக இவர் குனிய வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் யோசித்ததாக நினைவில்லை. பார்த்தால் துப்பாக்கி என் கையில் இருக்கிறது. குழல் தரையைப் பார்த்துதான் இருந்தது, அதை எல்லாரும் சாட்சி சொல்வார்கள்.

ஒத்மார் கையைத் தொங்கப்போட்டுவிட்டான். "போச்சு. கிரேக்கம் போச்சு, கடலும் போச்சு," என்றான்.

மேடம் முதலில் துப்பாக்கியை வாங்கிச் சோதித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏன் சார் எடுத்தீங்க? நான்தான் வந்துட்டிருந்தேனே."

"நீங்க குனிய வேண்டாமேன்னு."

"எத்தனையோ துப்பாக்கி கீழ விழுந்திருக்கு சார். எல்லாரும் நின்னு நான் குனியறதப் பாத்திருக்காங்க. எனக்காகக் குனிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்," என்றார். அதே குரலில், "உங்களத் தகுதி நீக்கம் பண்றேன்," என்றும் சொன்னார்.

தகுதி இழந்தவன் தன்னோடு சுட்டவர்களுக்கு பீர் வாங்கித் தந்துவிட்டு மாலைவரை இலக்கு அட்டைகளில் ஓட்டை அடைக்க வேண்டும் என்பது நம் சங்கத்தின் வழக்கம். மேடம் என் கையில் ஒட்டுத்தாள் சுருளைக் கொடுத்தார். அவர் ஓட்டைகளை எண்ணிப் புள்ளி சொல்லச் சொல்ல, நான் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். முட்டி உயரத்து இலக்கெல்லாம் என் பொறுப்பு. அட்டைக்கு அட்டை நடக்கும்போது பேசிக்கொண்டோம். என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள், ஊறுகாய் போடுவதைப் பற்றித்தான். வெயில் சாய்ந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நீதி வேறு, ஊறுகாய் வேறு. துப்பாக்கி காலி. குழல் மண்ணைப் பார்த்தது. நோக்கம் மரியாதை. ஒரு பெண்மணிக்குக் காட்டிய மரியாதைக்காக ஒரு மனிதன் கடலை இழக்கலாமா? குழு கனிவோடு பரிசீலித்து, தீர்ப்பை ரத்து செய்து, எனக்கு அணியில் இடம் தர வேண்டுகிறேன். உங்கள் ரத்த அழுத்தம் இறங்கட்டும், அக்காவின் வாத்துக்கள் பெருகட்டும், வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
லுபோர் ஹனாக்

பி.கு.: கடித உறையை இன்னும் ஒட்டவில்லை. ரொட்டி விழுந்த இடத்தில் என் தொப்பியை விட்டுவந்துவிட்டேன் என்று அதைக் கொடுக்க மேடம் இப்போது வீட்டுக்கு வந்தார். மேஜைமேல் இருந்த கடிதத்தை நானே படிக்கச் சொன்னேன். முழுதும் படித்தார். "அப்பீல் பண்றது உங்க உரிமை சார், நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். ஜெயிச்சா கிரேக்கம் போங்க. தோத்தா, கோடை பூரா குவாரியில எனக்கு ஒட்டுத்தாள் ஒட்ட ஆள் தேவைப்படுது," என்றார். இதைச் சொல்லும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான், விதி என்றால் விதிதான். என் மேல்முறையீட்டை உடனே தள்ளுபடி செய்யுங்கள். சொந்தக்காரன் என்று இரக்கம் காட்ட வேண்டாம், கடுமையாகவே எழுதுங்கள். அக்காவிடம் இன்னும் ஒரு ஜாடி வாத்துக் கொழுப்பு வாங்கி அனுப்புங்கள். இந்தத் தடவை ரொட்டிக்கு இல்லை, தேய்க்கத்தான். நெஞ்சுக்கு இல்லை, முட்டிக்கு.