சென்டர் அண்ணை

சிட்னியில், வென்ட்வேர்த்வில் வட்டாரத்தில் ஒரு தமிழர் வீட்டு ஹாலில் சோபா சுவரோடு ஒட்டாமல் நட்டநடுவில் நின்றால், அந்த வீட்டுக்குள் சென்டர் அண்ணை ஒருமுறை வந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். டாக்டர் வீடு, டாக்ஸி ஓட்டுகிறவர் வீடு என்ற பேதமெல்லாம் அவரிடம் கிடையாது. ஒரு வீட்டில் பிரிட்ஜையே பின்பக்க வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார். அதன் இரைச்சலில் வசனம் மங்குகிறதாம். அந்த வீட்டம்மா மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போய்த்தான் பால் எடுக்கிறார் என்று பேசிக்கொள்வார்கள்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. வீட்டுக்குள் தியேட்டர் மாதிரி சுற்றிச் சுற்றிச் சத்தம் வரவேண்டும், ஆனால் செலவு கையைக் கடிக்கக் கூடாது என்று யார் போய் நின்றாலும் அவர் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "சென்டரை முதல் வாங்குங்கோ." சென்டர் என்பது டிவிக்கு நேர் கீழே வைக்கிற ஸ்பீக்கர். படத்தில் ஆட்கள் பேசுவது முக்கால்வாசி அதன் வழியாகத்தான் வரும். அந்த வாக்கியமே அவருக்குப் பெயராகிவிட்டது.

என்னை அவர் பிடித்தது தமிழ்க் கடையில், வெண்டைக்காய்க் கூடைக்குப் பக்கத்தில். என் கையில் ஒரு விளம்பரத் தாள் இருந்தது. ஒரே அட்டைப்பெட்டிக்குள் ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர். படத்தில் ஒரு குடும்பமே வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தது.

"உதை வாங்காதேங்கோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாழ்ப்பாணத் தமிழில் 'உதை' என்றால் 'இதை'யாம்; அடி உதை இல்லை.

திரும்பினேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். கிடங்குத் தொழிலாளர்கள் போடும் மஞ்சள் சட்டை, கனத்த பூட்ஸ், கையில் அவர்கள் பாண் என்று சொல்லும் ஒரு முழு ரொட்டி.

"அஞ்சும் தீப்பெட்டி, தம்பி. வெடி வெடிச்சா நல்லாக் கேக்கும். ஆள் கதைச்சா விளங்காது. உங்கட ஹோல் எத்தனை அடி?"

தெரியவில்லை என்றேன். மனைவி பெயரை மறந்துவிட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அன்று மாலையே அளவு டேப்போடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்தவர் செருப்பைக் கழற்றியதும் ஹாலின் நான்கு மூலையிலும் போய் நின்று பளீர் பளீரென்று கை தட்டினார். எதிரொலி பார்க்கிறாராம். பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பாட்டியம்மா வேலிக்கு மேல் எட்டி, யாருக்குப் பிறந்தநாள் என்று விசாரித்தார். என் மனைவி சுதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "இவர் யாருங்க?" என்று அவர் எதிரிலேயே கேட்டாள்.

"கடையில பார்த்தேன்" என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

"தங்கச்சி, இந்தச் சோபா மூண்டடி முன்னுக்கு வரோணும்" என்றார் அவர்.

"அப்புறம் கிச்சனுக்கு எப்படிண்ணா போறது?"

"சுத்திப் போங்கோ. உடம்புக்கும் நல்லது."

சாமி அலமாரி இருந்த மூலையைக் கொஞ்ச நேரம் யோசனையோடு பார்த்தார். பேஸ் பெட்டிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனால் விளக்கு நடுங்கும் என்று தனக்குத்தானே சொல்லி, முருகனை மட்டும் விட்டுவைத்தார். மற்றதெல்லாம் இடம் மாறியது.

பட்ஜெட் கம்மி என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பணக்காரர்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில் அவருக்கு ஆர்வமில்லை. "காசு இருந்தா யாரும் வாங்கலாம். அதுக்கு நான் எதுக்கு?" அவர் கணக்கு எளிமையானது. ஏழு மட்டமான பெட்டிக்குப் பதில் மூன்று நல்லது. சென்டர் மட்டும் புதுசு. முன்னால் இரண்டும் பழசு, ஆனால் நல்ல பழசு. பின்னால் இரண்டுக்கு எது கிடைத்தாலும் சரி. "பின்னுக்கு மழையும் ஹெலிகொப்டரும்தான் வரும். அதுக்கு எது எண்டாலும் காணும்." போதும் என்பதை அவர் காணும் என்பார். பேஸ் பெட்டி கடைசியில், மனமிருந்தால்.

அதன் பிறகு ஆறு சனிக்கிழமைகள் நான் என் வசத்தில் இல்லை. எந்தப் பேட்டையில் எந்த வாரம் வேண்டாத சாமான்களை ரோட்டோரம் போடுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். மெத்தை, சைக்கிள், உடைந்த நாற்காலிக் குவியல்களுக்கு நடுவே முழங்காலிட்டு, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை இரண்டு விரலால், ஜுரக்காரக் குழந்தையைத் தொடுவது போல அழுத்திப் பார்ப்பார். உரசினால் வேண்டாம். ஓரத்து நுரை உதிர்ந்தால் வேண்டாம். கடைசியில் முகர்ந்தும் பார்ப்பார். மழையில் நனைந்த பெட்டி வாசனையில் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

ஆனால் உண்மையான பரீட்சை அதற்குப் பிறகுதான். எல்லோரும் ஸ்பீக்கரைப் பாட்டுப் போட்டுச் சோதிப்பார்கள். இவர் போனில் சேமித்து வைத்திருந்த ஒரு குரல் செய்தியைப் போடுவார். அது அவர் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து என்றோ அனுப்பியது.

"இஞ்சருங்கோ, மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்? பாண் எண்டு சொல்லாதேங்கோ. சட்டி கிடக்கெல்லே, ஒரு பருப்பாவது வச்சிருக்கலாமெல்லே. சரி, மழை வரப் போகுது, உடுப்பு எடுக்கோணும். வைக்கிறன்."

பிளாக்டவுன் பக்கம் ஒரு வீட்டுக் கராஜில் பழைய சாமான் விற்பனை. அங்கே இரண்டு உயரமான ஸ்பீக்கரில் இந்தக் குரல் முழங்கியதும் தெருவில் போன நாய் நின்றுவிட்டது. வீட்டுக்காரக் கிழவர் மரியாதையாக, இது உங்கள் நாட்டுப் பாடகியா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நோ. மை வைஃப்" என்றார் அண்ணை. "ஷி இஸ் செக்கிங் யுவர் ஸ்பீக்கர்."

கிழவருக்கு அது ரொம்பப் பிடித்துப் போய், ஸ்டாண்டையும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

காரில் வரும்போது, ஏன் அந்தச் செய்தியையே போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"பாட்டு ஏமாத்தும், தம்பி. பழக்கமான குரல் ஏமாத்தாது. 'சட்டி' எண்டேக்க சீறினா ட்வீட்டர், அந்த மேல் சின்னக் கூம்பு, சரியில்லை. 'உடுப்பு' எண்டேக்க பானைக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரி இருந்தா பெட்டி சரியில்லை. அவ பக்கத்தில நிண்டு கேட்ட மாதிரி இருந்தா எடுக்கலாம்."

அப்போதுதான் அவர் கதையைக் கொஞ்சம் சொன்னார். கல்யாணமாகி எட்டு மாதத்தில் படகேறியவர். வந்து ஒன்பது வருடமாகிறது. விசா இன்னும் தற்காலிகம்தான். மனைவியைக் கூப்பிட முடியாது. இவர் போனால் திரும்பி வர முடியாது. "எட்டு மாசம் கண்டு கதைச்சது. மிச்சம் முழுக்கக் காதாலதான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டைப் பார்த்துக் கார் ஓட்டினேன்.

ஊரெல்லாம் தியேட்டர் வைத்துக் கொடுத்த மனிதரிடம் சொந்தமாக ஒரு ஸ்பீக்கர் கிடையாது. வாடகை வீடொன்றில் நான்கு பேரோடு இருந்தார். அவர் பங்குக்கு ஒரு கட்டில், ஒரு இயர்போன். ஆனால் பர்ஸில் மடித்த தாள் ஒன்று வைத்திருந்தார். அதில் இன்னும் வாங்காத வீட்டின் ஹால். ஐந்து ஸ்பீக்கருக்கும் இடம் குறித்து, நடுவில் இரண்டு நாற்காலி மட்டும் வரைந்திருந்தார். விருந்தாளி வந்தால் எங்கே உட்காருவார் என்று கேட்டேன். "விருந்தாளி குசினியில இருக்கட்டும்" என்று சமையலறைக்குத் தள்ளிவிட்டார்.

எங்கள் வீட்டுத் தியேட்டர் தயாரான அன்று அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து, ஹெலிகாப்டர் பறக்கும் ஒரு சண்டைப் படத்தைப் போட்டேன். ஹெலிகாப்டர் முதுகுக்குப் பின்னால் கிளம்பித் தலைக்கு மேல் வந்தது. சுதா கூட "அடேங்கப்பா" என்றாள். திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். கொல்லையில் துணி காயும் கம்பிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"பின்னுக்கு ரெண்டும் நல்லா வேலை செய்யுது" என்றார். உள்ளே வரவில்லை. அவர் எந்த ஊரிலிருந்து, எதிலிருந்து தப்பி வந்தவர் என்று யோசிக்காமல் நான் படம் தேர்ந்தெடுத்திருந்தேன். அந்த வெட்கம் எனக்கு இன்றும் இருக்கிறது.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள். வாசலில் அதே மஞ்சள் சட்டையோடு அண்ணை.

"தம்பி, உங்கட ஹோலில ஒரு ரெண்டு மணித்தியாலம் இருக்கலாமோ?"

"வாங்கண்ணே, இதெல்லாம் கேக்கணுமா?"

"அவ செத்துப் போனா. செவ்வாய்க்கிழமை. டெங்குக் காய்ச்சல், மூண்டு நாள்தான். மச்சான் வீடியோவில காட்டுறான். போனில பாக்க எனக்கு ஏலாது. அதில எல்லாம் சின்னன்."

சுதா வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். ஸ்பீக்கர்களுக்கு நேர்நடுவில், அவர் எங்களுக்காக அளந்து குறித்த இடத்திலேயே அவரை உட்காரவைத்தோம்.

மச்சான் அனுப்பிய இணைப்பை டிவியில் திறந்தேன். மேலே இறந்தவரின் பெயர், அடியில் 'அன்னாரின் அன்புக் கணவர்' என்று ஒரு பெயர். மூன்று வருடப் பழக்கத்தில் அவருடைய பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன்.

முற்றம் நிறைய ஆட்கள். பந்தலுக்குக் கீழே பெட்டியில் அவர் மனைவி. குரலை மட்டுமே கேட்டிருந்த எங்களுக்கு அந்த முகம் புதிது. அண்ணைக்கும் கொஞ்சம் புதிதுதான் என்று நினைக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் தலை பாதி நரைத்திருந்தது. ஆம்ப்ளிஃபயர் தன் புத்திசாலித்தனத்தில் ஒப்பாரியைப் பிரித்துப் பின்னாலும் அனுப்பியது. எங்கள் முதுகுக்குப் பின்னால் பெண்கள் அழுதார்கள். அவர் எழுந்து போய், பின்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கரின் வயரையும் கழற்றிவிட்டு வந்தார்.

"சென்டர் மட்டும் காணும், தம்பி."

சரி செய்தேன். அதற்குள் இன்னொன்று. படம் பிடிக்கிறவர்கள் ஒரு சோகமான புல்லாங்குழலை மேலே ஓடவிட்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் பொறுத்தார். பிறகு போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார். முற்றத்தின் ஓரத்தில் ஒருவர் போனைக் காதில் வைப்பதை டிவியில் நாங்கள் பார்த்தோம்.

"அந்தக் குழலை நிப்பாட்டச் சொல்லடா. எனக்கு வீட்டுச் சத்தம் கேக்கோணும்."

குழல் நின்றது. அழுகையோடு மற்றச் சத்தங்களும் வரத் தொடங்கின. பிளாஸ்டிக் நாற்காலி இழுபடுவது, தேத்தண்ணிக் கோப்பை, யாரோ இருமுவது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது கிணத்துக் கப்பி" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. பிறகு, "அது பக்கத்து வீட்டு மோட்டர். இந்த நேரத்துக்குத்தான் போடுவினம்."

தேவாரம் பாடினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். இவர் போட வேண்டிய இடத்தில் மச்சான் நின்றான். சுதா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அழவில்லை. பெட்டியைத் தூக்கியபோது எழுந்து நின்றார். நாங்களும் நின்றோம். பறைச் சத்தம் தெருப் பக்கம் நகர்ந்தது. இரும்புக் கேட் கிறீச்சிட்டுத் திறந்தது.

"கேற்றுக்கு எண்ணெய் விடு, விடு எண்டு எத்தனை தரம் சொன்னனான்" என்றார். பன்னிரண்டு வருடமாகத் தொலைபேசியில் அவள் குரலுக்குப் பின்னால் அந்தக் கேட் திறந்து மூடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்.

பிறகு திரை கறுத்தது. ஹாலில் சத்தமே இல்லை. பேஸ் பெட்டி மட்டும் லேசாக முனகிக்கொண்டிருந்தது.

"ஹம் அடிக்குது" என்றார். "ஏர்த் லூஸ் போல."

டிவி மேசைக்குப் பின்னால் போய் முழங்காலிட்டு வயர்களுக்குள் கையை விட்டார். முனகல் உடனே நின்றுவிட்டது. அவர் எழுந்து வரவில்லை. மேசைக்கு மேலே அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது. நான் அவரிடம் போக அடியெடுத்தேன். சுதா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது.

முப்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டை எங்கள் வீட்டில்தான் வைத்தோம். அவரோடு தங்கியிருந்த நால்வரும் வந்தார்கள். அண்ணை இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். "தங்கச்சி, சாம்பார் இனிக்குது" என்றார். சுதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் குறை அது.

ஆனால் சிட்னியில் அவருக்கு இருக்க முடியவில்லை. கடையில் பார்க்கிறவர்கள் எல்லாம் பாவமாகப் பார்க்கிறார்கள், ஒருவரும் ஸ்பீக்கர் பற்றிக் கேட்பதில்லை என்றார். மெல்பேர்னில், டண்டினொங் பக்கம் ஒரு கிடங்கில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வாரம் ஒருமுறை போன் செய்வேன். வேலை சரி, சாப்பாடு சரி, குளிர் சரி. எல்லாம் சரி என்கிற மனிதரோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்த வாரம் போனில், "அண்ணே, வலது பக்க ஸ்பீக்கர் கரகரங்குது" என்றேன்.

அந்தப் பக்கம் குரல் நிமிர்ந்து உட்கார்ந்தது. "எப்ப தொட்டு? கூட்டி வைக்கேக்கயோ, குறைச்சு வைக்கேக்கயோ? வயரைத் தொட்டனீங்களோ?"

அரை மணி நேரம் பேசினார். நான் சொன்ன எந்தப் பதிலும் அவருக்குத் திருப்தியாக இல்லை. கடைசியில், "நீங்கள் ஒண்டையும் கழட்டாதேங்கோ. சனிக்கிழமை நான் வாறன்" என்றார். அவர் படுக்க சுதா ஓரத்து அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். புளி தூக்கலாக ஒரு குழம்பு வைக்கவும் யாரிடமோ கேட்டு எழுதிக்கொண்டாள்.

நேற்று மாலை அந்த ஸ்பீக்கரின் தூசியைத் துடைத்து, ஒரு படம் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். அருமையாகப் பாடுகிறது. சனிக்கிழமைக்குள் அதில் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.